வெண்கலப் பானைக்குள் இருந்த பிளேட்

என் தெத்துப்பல் ராசாவே, என் வேலு அண்ணே,

இதனால் திருநெல்வேலி டவுன் தொடங்கி பாளையங்கோட்டை வரை வாழும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், எங்கே இருந்தாலும் என் சத்தம் மட்டும் தப்பாமல் கேட்கும் உனக்கும் அறிவிப்பது என்னவென்றால்: கடந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியளவில், பிளஸ் டூ மாணவனும், நம் வீட்டின் கடைசி வாரிசும், நாளைய நட்சத்திரமுமாகிய சொக்கலிங்கத்தின் திருவாயில் கம்பி கட்டும் வைபவம் இனிதே நடந்தேறியது. மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும். வந்திருந்தோருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வழங்கப்பட்டது.

சிரித்திருப்பாய். பல்லை நேராக்கி இரண்டு வருஷமான பிறகும் நீ கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாய். பழக்க தோஷம். இப்போதும் அப்படித்தான் சிரிக்கிறாயா?

இன்னொன்றும் கேட்டுக்கொள். கம்பி கட்ட இடம் வேண்டுமென்று நான்கு பல்லைப் பிடுங்கினார்கள். நான் கண்ணைக்கூட மூடவில்லை. உனக்குக் கம்பி கட்டிய அதே டாக்டரம்மாதான். அசந்துபோய்விட்டார். "ஏ அய்யா, ஒங்க அண்ணன் ஊசியப் பாத்ததும் என் கையப் பிடிச்சு நிறுத்திட்டான். நீ என்னடான்னா கல்லு மாரி இருக்க" என்றார். நான் பெருந்தன்மையோடு தலையாட்டினேன். உன் மானத்தை இப்படி ஊரறிய வாங்குவதற்கு மன்னித்துக்கொள். பதிலுக்கு என் காதைத் திருக உன்னால் முடியாது என்கிற தைரியம்தான். திருகினால் தேவலை என்று இருக்கிறது, அண்ணே.

வீட்டுச் செய்தி: உன் பைக்கை அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைக்கிறார், ஓட்டுவதில்லை. என்னையும் ஓட்ட விடுவதில்லை. அம்மா தோசைக்கு மாவு கரைக்கும்போது இன்னும் நாலு பேருக்குத்தான் கரைக்கிறாள். மிஞ்சுகிற தோசை என் தலையில். உன்னால் நான் குண்டாகிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் புதுப் பட்டம் கிடைத்திருக்கிறது. 'பல்துறை வித்தகர்'. போன மாதம் உயிரியல் சார் என்னைக் காலைக் கூட்டத்தில் மைக் முன்னால் நிறுத்தி, ஒரு மனிதனை அவன் பல்லை வைத்து எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று பேசச் சொன்னார். வெளுத்து வாங்கினேன். நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்தால் முகம் போய்விடும், விரல் ரேகை தோலோடு கழன்றுவிடும், பல் மட்டும் அப்படியே நிற்கும் என்றேன். மேலண்ணத்தில் நாக்கை வைத்துப் பாருங்கள், வரிவரியாக மடிப்பு தட்டுப்படும், அது ஆளுக்கு ஆள் வேறு என்றேன். முன்வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் எல்லாம் நாக்கை மேலே சுருட்டிக்கொண்டு முழித்தார்கள். கம்பி கட்டினவர்களுடைய அச்சும் எக்ஸ்ரேயும் டாக்டரிடம் இருக்கும், அதுவே சாட்சி என்றேன். கடைசியாக, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் விஷயத்தில், அவர் போட்டிருந்த பல் பிளேட்டை ஒரே மணி நேரத்தில் தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான்" என்று முடித்தேன். கைதட்டல் கொடிக்கம்பம் வரை கேட்டது.

அந்த ஒருத்தர் யார் என்று நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பள்ளி மலரில் வரப்போகிற இந்தக் கடிதத்தை ஊராரும் படிப்பார்கள், அண்ணே. அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

அது போன வருஷத்துக் கார்த்திகை மழை. மூன்று நாளாக விடவே இல்லை. நீ கங்கைகொண்டான் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து, காலையில் வீட்டுக்குக் கிளம்பினாய். சிற்றாற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. பாலத்து நடுவில் ஒரு ஆட்டோ நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. நீ பைக்கைக் கரையில் ஒரு வேப்பமரத்தில் சாத்திவிட்டு இறங்கித் தள்ளினாய். ஆட்டோ அந்தக் கரைக்குப் போய்விட்டது. ஆட்டோக்காரர் பிறகு அப்பாவிடம் வந்து சொன்னார். "திரும்பிப் பாத்து கையெடுத்துக் கும்பிடுததுக்குள்ள ஆளக் காணும் அண்ணாச்சி. பேரு கூட கேக்கல."

சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது என்று ஆறாம் வகுப்பில் படித்தேன். ஒரு மார்க் கேள்வி. அது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும் என்று அப்போது தெரியாது. ஏழாவது நாள், தண்ணீர் வடிந்த பிறகு, சீவலப்பேரிக்குக் கீழே ஒரு வாழைத் தோட்டத்தில் ஓர் உடல் கிடைத்தது. சட்டை ஆற்றோடு போயிருந்தது. கறுப்பு பேண்ட். வயது இருபத்தைந்து முதல் முப்பதுக்குள் என்றார்கள்.

அந்த வயதில், அந்த உயரத்தில், கறுப்பு பேண்ட்டோடு அதே மழையில் காணாமல் போனவர் இன்னொருவரும் உண்டு. லாரி டிரைவர். அவருடைய அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது நகர்ந்து இடம் கொடுத்தார். ஓர் உடல். இரண்டு வீடு.

போலீஸ்காரர் அங்க அடையாளம் கேட்டார். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, தாலுகா ஆபீஸ் கிளார்க். தயாராக வந்திருந்தார். லேமினேட் செய்த உன் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்து நீட்டினார். 'அங்க அடையாளங்கள்: ஒன்று, வலது கன்னத்தில் ஒரு மச்சம். இரண்டு, இடது முழங்காலில் ஒரு தழும்பு.' கன்னமும் முழங்காலும் பார்க்கிற நிலையில் இல்லை என்றார் போலீஸ்காரர். அப்போதுதான் அம்மா மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, அவனுக்குக் கன்னத்துல மச்சமே கெடையாதே."

அப்பாவுக்கு அது புதுச் செய்தி. எனக்குத் தெரியும், நீ சொல்லியிருக்கிறாய். சான்றிதழ் எழுத ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி சார் ஒவ்வொருத்தனாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "மச்சம் இல்ல சார்" என்றாய் நீ. "மச்சம் இல்லாம மனுசன் உண்டுமாலே" என்று அதட்டி, முன்னால் நின்றவனுக்கு எழுதியதையே உனக்கும் எழுதிவிட்டார். என் கதை அதைவிட மோசம். எனக்கும் மச்சம் இல்லை என்று வரிசையில் நிற்கும்போதே இடது மணிக்கட்டில் பேனாவால் ஒன்று வைத்துக்கொண்டேன். அரசாங்க முத்திரையோடு இருக்கிற மச்சம். குளித்தால் போய்விடும். இத்தனை வருஷமாக அடுத்தவர்களுடைய மச்சத்தையும் தழும்பையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த அப்பா, அன்றைக்கு அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் ஏதாவது இருக்கும் என்பதுபோல.

பிணவறை டாக்டர் வெளியே வந்தார். தன்மையான ஆள். "இவங்க பல் டாக்டர்கிட்ட ஏதாவது வைத்தியம் பாத்தாங்களா?" என்று இரண்டு குடும்பத்தையும் பார்த்துக் கேட்டார். மேலே இரண்டு, கீழே இரண்டு, வலதும் இடதும் ஒரே இடத்தில் நான்கு பல் இல்லை, கம்பி கட்டுகிறவர்களுக்கு அப்படித்தான் எடுப்பார்கள் என்றார்.

"என் பிள்ளை கிளிப் போட்டிருந்தான் சார்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

வள்ளியூர்க்காரர் எழுந்து நின்றார். "என் மவனும் கேரளாவுல வேலைக்கு இருக்கும்போது பல்லு பிடுங்குனேன்னு சொன்னான் சார். எத்தனன்னு நான் கேக்கல." மறுபடி உட்கார்ந்து, "கேட்டிருக்கணும்" என்றார்.

டாக்டர் தலையாட்டினார். இது போதாது, உறுதியாகச் சொல்ல அச்சோ எக்ஸ்ரேயோ வேண்டும் என்றார். மரபணுப் பரிசோதனை செய்தால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகுமாம். நம் டாக்டரம்மாவுக்கு அப்பா போன் போட்டார். அந்தப் பக்கம் அழுகைக் குரல். அவருடைய கிளினிக்கிலும் இடுப்பளவு தண்ணீர். கம்ப்யூட்டர் போச்சு, எக்ஸ்ரே போச்சு, அட்டைகள் கூழாகிவிட்டன. பல் அச்சுகள் மட்டும் கிடக்கின்றன. ஆனால் பேனாவால் எழுதிய பெயர்களைத் தண்ணீர் அழித்துவிட்டது. எது யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை.

"அவர் போட்டுக்கிற பிளேட் எதுவும் வீட்டுல இருக்குமா?" என்று கேட்டார் பிணவறை டாக்டர். "கம்பி கழட்டின பிறகு, பல் நகராம இருக்க மாட்டிக்கிறது. அது கெடச்சா போதும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் அறையில் படுக்கிறவன் நான்தானே.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

உன் பிளேட்டை ஊராருக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். மேலண்ணத்தின் வடிவில் ரோஸ் நிறத் தகடு, முன்பக்கம் வளைந்த ஒரு கம்பி. உன் மேலண்ணத்து வரிகள் அத்தனையும் அதன் முதுகில் பதிந்திருக்கும். ராத்திரி அதை மாட்டிக்கொண்டால் உனக்கு 'ச' வராது. "தொக்கு, லைட்ட அணைலே" என்பாய். "இஞ்சித் தொக்கா, தக்காளித் தொக்கா?" என்று நான் கேட்பேன். தலையணை பறந்து வரும். ஒரு கல்யாணத்தில் சாப்பிடும் முன் அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலை ஓரமாக வைத்தாய். யாரோ இலையை மடித்து எடுத்துப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை பெண்ணோடு எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நீயும் நானும் மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினோம். அவியலுக்கு அடியில் கிடைத்தது. அன்றைக்குப் பிறகுதான் அந்த நீல டப்பா வாங்கினாய்.

குலசைக் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு நீ காளி வேஷம் போட்டதும் கம்பி கட்டியிருந்த வருஷம்தான். கோரைப் பல்லை வெளியே மாட்டி, உள்ளே கம்பி மின்ன நீ உறுமியதைப் பார்த்து ஒரு பிள்ளை, "எம்மா, காளிக்கே கிளிப் போட்டிருக்கு" என்று கத்தியது. நீ வேஷத்தையும் மறந்து சிரித்தாய். கையால் வாயை மூடிக்கொண்டு. காளி வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் குலசை பார்த்திருக்கும்.

அந்த நீல டப்பாவை நான் ஒளித்துவைத்தேன். மழைக்கு மூன்று வாரம் முன்னால். காரணம் சின்னது: நான் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உன் பைக்கில் ஜங்ஷன் மேம்பாலத்தில் போனதை நீ அம்மாவிடம் போட்டுக் கொடுத்தாய். பழிக்குப் பழி, பல்லுக்குப் பிளேட். பரணில் இருக்கும் வெண்கலப் பானையை வருஷத்தில் ஒரு நாள்தான் இறக்குவோம், பொங்கலுக்கு. அதுவரை அதற்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

நீ தேடாத இடமில்லை. "ஏலே, எடுத்திருந்தா குடுத்துருலே. பல்லு நவுந்துரும்" என்று கெஞ்சினாய். "ஒம் பல்லு ஒம் வாயில இருக்கு. எங்கிட்ட வந்து கேக்க?" என்றேன். கடைசியாக நீ ஷிப்டுக்குக் கிளம்பின சாயங்காலம், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே மறுபடி கேட்டாய். "பொங்கல் வரட்டும், எல்லாம் தன்னால பொங்கி வரும்" என்றேன். "கிறுக்குப் பயலே" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தாய்.

நீ என்னிடம் பேசின கடைசிச் சொல் அது. நல்ல சொல்தான். உண்மையும்கூட.

பிணவறை வாசலில் 'தெரியாது' என்றேனே, அது ஏன் என்று உனக்குப் புரியும், அண்ணே. பிளேட் பானைக்குள் இருக்கும்வரை உள்ளே கிடப்பது நீ இல்லை. நீ ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் பெயர் மறந்து படுத்திருப்பாய். யாரோ ஒரு நர்ஸ் உனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருப்பாள். அதை வெளியே எடுத்தால் அது பொருந்திவிடும். பொருந்தும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. வாயாடி என்று பெயரெடுத்த நான்.

மறுநாள் மத்தியானம் அம்மா மயங்கி விழுந்து, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் டீ வாங்கி வந்து வள்ளியூர்க்காரருக்கும் ஒன்று கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"படிக்கியா மக்கா?"

"ஆமா."

"உள்ள இருக்கது ஒங்க அண்ணன்னா, நான் எந்திரிச்சு எம் பிள்ளையத் தேடிப் போவணும். எம் பிள்ளைன்னா, தூக்கிட்டு ஊருக்குப் போவணும். ரெண்டுல எதுனாலும் எனக்குச் சோலி இருக்கு பாத்துக்க. இப்பிடி எதுவும் இல்லாம உக்காந்திருக்கதுதான் முடியல." டீயைப் பார்த்தார். "ஒரு நேரம் உங்க அண்ணனா இருக்கட்டும்னு நெனைக்கேன். அடுத்த நேரமே அப்பிடி நெனச்சதுக்கு என்னையே செருப்பால அடிக்கணும்னு தோணுது. தப்பா எடுத்துக்கிடாதய்யா."

நான் எழுந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

வீட்டில் யாரும் கண்ணில் படவில்லை. ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, பானைக்குள் கையை விட்டேன். டப்பா இருந்தது. ஆனால் நான் வைத்தபடி இல்லை. ஒரு வெள்ளைத் துணியில் பதனமாகச் சுற்றியிருந்தது. அம்மாவின் பழைய சேலைக் கிழிசல். ஓரத்து முடிச்சு அவள் போடுகிற முடிச்சு.

திரும்பினேன். அடுக்களை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"எடுத்துட்டியா?" என்றாள்.

டப்பாவோடு ஸ்டூல் மேலேயே நின்றேன்.

"அவன் காணாமப் போன மறுநாளே போலீசுக்குக் குடுக்க போட்டோ தேடி வீடு பூரா உருட்டுனேன்ல, அப்பவே பாத்தேன். ஒன் வேலைன்னு தெரியும். அவன் வந்ததும் ரெண்டு பேரையும் வச்சு ஏசணும்னு இருந்தேன்." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் கேட்டப்போ எனக்கும் வாய் வரலய்யா. கொண்டு போ. பைய எறங்கு, விழுந்துராத."

நான் மட்டும்தான் உன்னை அந்தப் பானைக்குள் உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அம்மாவும் கூடவே இருந்திருக்கிறாள். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் இரண்டு பேரும் ஒரே மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பிளேட் இருந்தால் உன் அச்சு எது என்று தெரிந்துவிடும் என்று முதலில் டாக்டரம்மாவிடம் ஓடினேன். கிளினிக்கில் தரையில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பல் அச்சுகள். பெயரில்லாத அத்தனை வாய்கள். டப்பாவைக் கொடுத்தேன். அவர் பிளேட்டைத் துடைத்து, ஒவ்வொரு மேல் அச்சிலும் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றில் ஆடியது. ஒன்றில் ஏறவே இல்லை. ஒன்றில் பாதி உட்கார்ந்து நின்றது. எனக்கு ஒவ்வொன்றும் சேராமல் போகப் போக சந்தோஷமாக இருந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று வேண்டிக்கொண்டேன்.

டக்.

அவ்வளவுதான் சத்தம். பேனா மூடி மூடுகிற அளவு. டாக்டரம்மா அந்த அச்சை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அச்சும் பிளேட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயின. உள்ளே இருந்தவரின் மேல்வாயை அச்செடுத்து, டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்த பல்லின் இடம், கொஞ்சம் திரும்பியிருக்கும் கடைவாய்ப் பல், மேலண்ணத்து வரிகள், எல்லாம் ஒன்று. வெளியே வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். பிறகு ஒன்று கேட்டார். "பிளேட் உக்காருது. ஆனா அரை மில்லிமீட்டர் இறுக்கமா இருக்கு. கொஞ்ச நாளா இதப் போடாம இருந்தாரோ?"

"இல்ல சார்" என்றார் அப்பா. "ஒரு நாள் தவறாமப் போடுவான். ரொம்பப் பொறுப்பான பையன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் குறும்பு உன் பல்லில் அரை மில்லிமீட்டர் பதிந்திருந்தது, அண்ணே. ஆறு உன்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அதை மட்டும் எடுக்கவில்லை.

வள்ளியூர்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து அழுத்தினார். என்னைப் பார்த்து, "வாரேன் மக்கா" என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேகமாக நடந்தார். சோலி கிடைத்துவிட்ட நடை. அவர் மகன் கிடைத்தானா? தெரியாது. அவர் போன் நம்பரை நான் வாங்கவில்லை. வள்ளியூர் வழியாக வரும் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து வயதான ஒருவர் இறங்கினால் இப்போதும் முகத்தைப் பார்க்கிறேன். ஒரு நாள் முன்னாலேயே அவரை எழுப்பி அனுப்பியிருக்கலாம். அந்த ஒரு நாளில் அவர் எதைத் தவறவிட்டாரோ?

அப்பா இன்னும், துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அதையே சொல்கிறார். "தினமும் போடுவான். அதனாலதான் நமக்குக் கெடச்சான்." உன் சான்றிதழை பீரோவில் வைத்திருக்கிறார். போன வாரம் அதை எடுத்துப் பார்த்தேன். சான்றிதழில் அடித்துத் திருத்துவது குற்றம் என்று ஊருக்கே சொல்கிற மனுஷன், லேமினேஷனைப் பிரித்து, 'கன்னத்தில் மச்சம்' என்பதன் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். பக்கத்தில் பென்சிலால், 'மேல்வாயில் பிளேட் அணிவார்.' அணிந்தார் என்று எழுதவில்லை.

அப்பா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். அந்த மூன்று வாரம் அவன் போடவில்லை. அவன் பொறுப்பில்லாததால் இல்லை. நான் எடுத்து ஒளித்துவைத்திருந்தேன். காலைக் கூட்டத்தில் சொன்ன 'ஒரே மணி நேரம்' பொய். இரண்டு நாள். உங்கள் மூத்த பிள்ளை எவ்வளவு பொறுப்பு என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள், அது சரிதான். அந்த அரை மில்லிமீட்டரை மட்டும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணே, ஒன்று வாக்குக் கொடுக்கிறேன். இந்த வருஷம் பொங்கலுக்கு அம்மா பானையை இறக்கச் சம்மதித்திருக்கிறாள். அதை இறக்கிப் புளி போட்டு விளக்குவது என் வேலை. உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரிசி போடவிடுவேன். இனி யார் எதைத் தேடிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாலும், அது என்னிடம் இருந்தால், கேட்ட உடனே கொடுப்பேன். கேட்காமலே கொடுப்பேன்.

அப்புறம் இன்னொன்று. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதல் பத்தியில் முழங்கினேனே அறிவிப்பு, அதில் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி, வாய் கொப்பளித்த தண்ணீர், இந்த மூன்றும்தான் உண்மை. எனக்குக் கம்பி கட்டவில்லை. பல்லும் பிடுங்கவில்லை. ஊசியே இல்லை. "ஒனக்குப் பல்லெல்லாம் வரிசையாத்தான இருக்கு, எதுக்குலே கம்பி?" என்று டாக்டரம்மா விரட்டப் பார்த்தார். அச்சு மட்டுமாவது எடுத்து வையுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அம்மா இன்னொரு தடவை எதையும் உருட்டித் தேடக்கூடாது, அதற்குத்தான் என்றேன். அவர் எழுந்து அச்செடுக்கிற களியைக் கரைத்தார்.

அந்த ரோஸ் களியை வாய்க்குள் அழுத்தினபோது குமட்டி, டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டெல்லாம் அன்றைக்குச் சாப்பிட்ட தோசை. ஊசியைப் பார்த்து நீ பிடித்தாயே, அதே கையைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை. களி இறுகி வெளியே எடுத்த பிறகும் விடவில்லை. கல்லு மாரி இருந்தேனாம். கதறி அழுதேன், அண்ணே. வெளியே காத்திருந்த இரண்டு பிள்ளைகள் பயந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது அங்கே எல்லா அச்சிலும் பெயரை ஆணியால் கீறித்தான் வைக்கிறார்கள். தண்ணீர் அழிக்காது. என் பெயரை நானே கீறினேன். அலமாரியில் எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த உன் அச்சு இருக்கும் பெட்டியைக் காட்டி, இதற்குப் பக்கத்தில் என்றேன்.

பிளேட் மாட்டின வாயோடு நீ கூப்பிடுகிற பேரைத்தான் கீறியிருக்கிறேன். டாக்டரம்மா திருத்தப் பார்த்தார். விடவில்லை.

உன் பக்கத்துப் பெட்டித் தம்பி,
தொக்கு